இருபத்து மூன்றாம் எண் கத்தி

என் வலது கைக் கட்டைவிரலை மடங்காமல் செய்தது நீங்கள்தான் சார். செய்ததோடு நிற்கவில்லை. நான் ஒளித்து எடுத்து வந்த கத்தியால் நானே என்னை வெட்டிக்கொண்டேன் என்று எழுதி நோட்டீஸ் போர்டில் ஒட்டினீர்கள். அது பொய். பொய் என்று உங்களுக்குத் தெரியும்.

நேரில் சொல்லத்தான் பார்த்தேன். மூன்று தடவை உங்கள் அறை வாசலில் நின்றேன். மூன்று தடவையும் மீட்டிங் என்றார்கள். அதனால் எழுதுகிறேன். பேனாவைச் சுட்டுவிரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில் செருகிக்கொண்டு எழுதுகிறேன். ஒரு பக்கம் முடிக்க ஒரு மணி நேரம் ஆகிறது. முடிக்காமல் விடமாட்டேன்.

படிக்கிற மற்றவர்களுக்கு முதலில் சொல்லிவிடுகிறேன். இவர் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் சாம்பிள் செக்‌ஷன் மேனேஜர். நான் அங்கே பதினோரு வருடமாகத் தோல் சீவுகிறவள். ஷூவின் மேல்தோலை மடித்துத் தைக்க வேண்டிய ஓரத்தை மட்டும் உட்புறமாகச் சீவி மெல்லிசாக்க வேண்டும். சீவாமல் மடித்தால் அந்த இடம் புடைத்துக்கொண்டு, போடுகிறவன் காலைப் புண்ணாக்கும். ஆயிரக்கணக்கில் போகும் ஜோடிகளுக்கு மெஷின் இருக்கிறது. சாம்பிளுக்கு ஒரு ஜோடி, இரண்டு ஜோடிதான். அதற்காக மெஷினைத் திருகிக்கொண்டிருக்க மாட்டார்கள். கையால் சீவுவோம். நாற்பது பேர் இருக்கிறோம். ஆளுக்கு ஒரு மேசை, மேசை மேல் ஒரு கிரானைட் பலகை, ஒரு கத்தி.

அந்த நாற்பது பேரில் நான் ஒருத்திதான் இடதுகைக்காரி.

சின்ன வயதில் பள்ளிக்கூடத்தில் சிஸ்டர் ஸ்கேலால் என் இடது கையைத் தட்டித் தட்டி எழுத்தை வலது கைக்கு மாற்றினார். சாப்பாட்டை வீட்டில் மாற்றினார்கள். வெட்டுவதை மட்டும் யாராலும் மாற்ற முடியவில்லை. வெங்காயம் நறுக்கினாலும், துணி கத்தரித்தாலும் இடது கைதான். செக்‌ஷனில் சேர்ந்த முதல் நாளே எனக்குப் "பீச்சாங்கை" என்று பெயர் வைத்தார்கள். "ஏ பீச்சாங்கை, டீ வந்திடுச்சி" என்று கூப்பிடுவார்கள். எனக்கு அதில் கோபம் இல்லை. வேலையில் நான் யாருக்கும் குறைந்தவள் இல்லை என்பது அவர்களுக்கும் தெரியும்.

தோல் சீவும் கத்தியைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். அது தெரியாவிட்டால் மீதி புரியாது.

அது மடக்குகிற கத்தி இல்லை. ஒரே இரும்புப் பட்டை. ஒரு சாண் நீளம், இரண்டு விரல் அகலம். பிடிக்கிற பாதியில் தோல் வார் சுற்றியிருக்கும். அடுத்த பாதி வெறும் இரும்பு. வெட்டுகிற கூர் பக்கவாட்டில் இருக்காது, நுனியில் இருக்கும். அதுவும் நேராக இல்லாமல் கோணலாக, ஒரு மூலை முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும். கத்தியின் ஒரு முகம் கண்ணாடி மாதிரி மட்டமாக இருக்க வேண்டும். மறு முகத்தில் மட்டும் கூர் ஓரத்தை நோக்கிச் சாய்வு இறக்கியிருப்பார்கள். சீவும்போது மட்ட முகம் தோலின் மேல் படுத்துக்கொண்டு போக வேண்டும். சாய்வு மேலே பார்க்க வேண்டும். அப்படிப் போனால் தோல் வெங்காயச் சருகு மாதிரி கழன்று வரும்.

இப்போது வலது கைக்காரிக்காகச் செய்த கத்தியை நான் இடது கையில் பிடித்தால் இரண்டில் ஒன்று நடக்கும். மட்டத்தைக் கீழே வைத்தால் கோணல் தப்புப் பக்கம் திரும்பி, முன்மூலை தோலை அழுத்திக்கொண்டிருக்கிற என் வலது கையைப் பார்க்கும். கோணலைச் சரிசெய்யக் கத்தியைப் புரட்டினால் சாய்வு கீழே போய்விடும். சாய்வில் நிற்கிற கத்தி தோலில் உட்காராது. வழுக்கும். அழுத்தினால் வழுக்கி வழுக்கித் திடீரென்று இறங்கும். எங்கே இறங்கும் என்று யாருக்கும் தெரியாது.

இதைத் தெரிந்துகொள்ள எனக்கு இரண்டு வருடம் ஆனது. சேர்ந்த புதிதில் பஜாரில் பளபளவென்று ஒரு கத்தி வாங்கினேன். பார்க்க அழகு. மத்தியானச் சாப்பாட்டுக்குள் மொண்ணையாகிவிடும். அடுத்து ஒரு தடிமனான கத்தி. கூர் நின்றது, ஆனால் சீவிய ஓரம் படிக்கட்டு மாதிரி வந்தது. மூன்றாவதாக ஒருத்தியிடம் பழைய கத்தி வாங்கினேன். அது அவள் கைக்கு இசைந்த கத்தி. பத்து வருடம் அவள் தீட்டிய சாய்வு அதில் இருந்தது. என் கையில் அது முரண்டு பிடித்தது. அதனால்தான் எங்கள் செக்‌ஷனில் ஒருத்தி கத்தியை இன்னொருத்தி தொடமாட்டாள். சோறு பகிர்ந்துகொள்வோம், மாத்திரை பகிர்ந்துகொள்வோம், கத்தியைக் கேட்கமாட்டோம். ஒவ்வொரு கத்திக்கும் அதற்கென்று ஒரு துணி. பெல் அடித்ததும் துணியில் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டு போவோம். கை கழுவப் போனவள் வரத் தாமதமானால் பக்கத்து மேசைக்காரி அவள் கத்தியைச் சுற்றி அவள் பையில் போட்டுவிடுவாள். அதற்கு மட்டும் தொடலாம். இந்தப் பழக்கத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியில் பேரணாம்பட்டு ரோட்டில் கத்தி செய்கிற பாயிடம் போனேன். கம்பி அறுக்கிற பவர் ரம்பத்தின் தேய்ந்த பிளேடை வாங்கி வந்து, தேய்த்துத் தேய்த்துக் கத்தியாக்குவார். எங்கள் செக்‌ஷனில் பாதிப் பேர் கத்தி அவர் செய்ததுதான். என்னை ஒரு சின்னத் தோல் துண்டைச் சீவச் சொல்லிக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"நீ ஜாஸ்தி அழுத்துறம்மா. உனுக்கு நீட்டுச் சாய்வு வெச்சா நைசா போவும், ஆனா கல்லுல பட்டா கூருல பல்லு உழும். குட்டைச் சாய்வு வெச்சா பல்லு உழாது, தோலுக்குள்ளயும் போவாது. நடுவுல வெக்கறேன். அழுத்தறத கம்மி பண்ணிக்கோ."

"சரி பாய்."

ஒரு வாரம் கழித்துப் போனேன். கத்தி தயாராக இருந்தது. கையில் எடுத்ததுமே தெரிந்தது. வலது கைக் கத்தி.

"பாய், நான் இந்தக் கைல இல்ல வெட்டுவேன்!"

அவர் தலையில் கைவைத்துக்கொண்டார். "யா அல்லா! பாத்துக்கினே இருந்தேனே! கை பழக்கம்மா, தானா அந்தப் பக்கம் போயிடுச்சி. இத வீட்டுக்கு எடுத்துனு போ, முருங்கக்கா வெட்டு. வேற பண்ணித் தர்றேன்."

இரண்டாவது கத்தி இடது கைக்கு வந்தது. வாங்கும்போது எப்படிப் பார்க்க வேண்டும் என்று எனக்கு அதற்குள் தெரிந்திருந்தது. மட்ட முகத்தை அவர் கடை ஷோகேஸ் கண்ணாடியில் வைத்தேன். அடியில் வெளிச்சம் கசிகிறதா என்று பார்த்தேன். கசியவில்லை. கூர் ஓரத்தை வெயிலுக்கு நேராகப் பிடித்தேன். கூர் எங்கேயாவது மினுங்கினால் அங்கே மொண்ணை என்று அர்த்தம். எங்கேயும் மினுங்கவில்லை. ஆட்டுத்தோல் லைனிங்கில் ஒரு இழுப்பு இழுத்தேன். கத்தி போவதே தெரியவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. நாற்பதுக்குப் பக்கத்தில் வயசாகிற ஒருத்தி ஒரு இரும்புத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு அழுதால் எப்படி இருக்கும்? பாய் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். பிறந்ததிலிருந்து என் இடது கைக்கென்று யாரும் ஒரு பொருளைச் செய்து கொடுத்ததில்லை சார். அது உங்களுக்குப் புரியாது.

முருங்கைக்காய்க் கத்தி கதையைச் செக்‌ஷனில் எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தேன். என்னிடம் பாய் செய்த கத்தி இரண்டு இருக்கிறது என்று அப்படித்தான் எல்லோருக்கும் தெரிந்தது. உங்களுக்கும் தெரிந்தது. அந்தக் கதையைத்தான் பின்னால் நீங்கள் எனக்கு எதிராகத் திருப்பினீர்கள்.

போன வருடம் நம் ஷூவை வாங்குகிற வெளிநாட்டு பையர் ஆடிட்டுக்கு வருகிறார் என்றீர்கள். சொந்தக் கத்தி கூடாது, எல்லாக் கத்திக்கும் நம்பர் இருக்க வேண்டும், காலையில் எண்ணிக் கொடுத்து மாலையில் எண்ணி வாங்க வேண்டும் என்றீர்கள். திங்கட்கிழமை காலையில் எங்கள் கத்திகளை எல்லாம் வாங்கி, துணியை மட்டும் எங்களிடமே விட்டுவிட்டு, பெயர் எழுதி ஒட்டி, ஸ்டோரில் இருக்கிற இரும்பு பீரோவில் வைத்துப் பூட்டினீர்கள். ஆடிட் முடிந்ததும் திருப்பித் தருவேன் என்று சொன்னீர்கள். எல்லோர் எதிரிலும் சொன்னீர்கள். புதுக் கத்தி நாற்பது வந்திருந்தது. எங்கேயோ மொத்தமாகச் செய்தவை. ஒவ்வொன்றிலும் நம்பர் அடித்திருந்தது. எனக்கு வந்தது இருபத்து மூன்று.

வாங்கிப் பார்த்தேன். நாற்பதும் வலது கைக் கத்தி.

"சார், இது ரைட் ஹேண்ட் கத்தி சார். எனக்கு ஆவாது."

நீங்கள் சிரித்துக்கொண்டே சொன்னீர்கள்: "ஷூக்குத்தாம்மா லெஃப்ட் ரைட்டு. கத்திக்கு இன்னா லெஃப்ட் ரைட்டு?"

செக்‌ஷனே சிரித்தது. நானும் சிரித்தேன். இன்றைக்கும் எனக்கு அதுதான் ஆறவில்லை. நானும் சேர்ந்து சிரித்தேன்.

"நாலு நாளு ஓட்டும்மா. ஆடிட்டு முடிஞ்சதும் உன் கத்தியத் தந்துடறேன்" என்றீர்கள்.

திங்கட்கிழமை ஓட்டினேன். செவ்வாய்க்கிழமை ஓட்டினேன். மட்டத்தைக் கீழே வைத்துப் பார்த்தேன். மூலை கையைப் பார்த்தது. புரட்டி வைத்தேன். வழுக்கியது. வலது கையால் சீவிப் பார்த்தேன். ஒன்றாம் கிளாஸ் பிள்ளை எழுதுவது மாதிரி ஓரம் கோணிக்கொண்டு வந்தது. சூப்பர்வைசர் இரண்டு பீஸைத் திருப்பிப் போட்டார். புதன்கிழமை காலை, ஆடிட்டர் கையில் கொடுக்க வேண்டிய ஜோடி என் மேசைக்கு வந்தது. கன்றுக்குட்டித் தோல். கெட்டியாக இருந்தது. கத்தியைப் புரட்டிப் பிடித்தேன், சாய்வு கீழே. இரண்டு தடவை வழுக்கியது. மூன்றாவது தடவை அழுத்தினேன்.

வலி முதலில் தெரியவில்லை. தோலில் ரத்தம் பரவுவதைப் பார்த்து, ஐயோ சாம்பிள் வீணாகிறதே என்றுதான் நினைத்தேன். வலது கையைத் தூக்கினேன். கட்டைவிரல் அடிப்பக்கம் திறந்து கிடந்தது. மடக்கப் பார்த்தேன். மடங்கவில்லை. சொன்ன பேச்சைக் கேட்காத விரலை அன்றைக்குத்தான் முதல் தடவை பார்த்தேன்.

பக்கத்து மேசைக்காரிதான் ஏப்ரனைக் கிழித்துக் கையைச் சுற்றினாள். "பாக்காதடி, பாக்காதடி, என்னப் பாரு" என்று கத்திக்கொண்டே இருந்தாள். என்னை வண்டியில் ஏற்றியதும் அவள் மேசைக்குத் திரும்பிப் போயிருக்கிறாள். அப்புறம் என்ன செய்தாள் என்பது அவளுக்கே ஞாபகம் இல்லை.

வேலூரில் ஒரு ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் நடந்தது. விரலை மடக்குகிற நாண் அறுந்துவிட்டது, தைத்திருக்கிறோம் என்றார்கள். இரண்டாம் நாள் ஆபீசிலிருந்து ஒரு மேடம் வந்தார். ஆப்பிள் கொண்டுவந்தார். ஒரு பேப்பரும் கொண்டுவந்தார்.

"இன்சூரன்சுக்கும்மா. சும்மா ஒரு ஃபார்மாலிட்டி."

வலது கை முழுக்கக் கட்டு. கையெழுத்துப் போட முடியாது. இடது கைப் பெருவிரலில் மை தடவி அவரே அழுத்தினார். பன்னிரண்டாவது வரை படித்தவள் நான். கைநாட்டு வைத்தேன். மருந்து மயக்கத்தில் ஒரு வரி கூடப் படிக்கவில்லை. இதில் நான் முட்டாள். அதை ஒத்துக்கொள்கிறேன்.

தைத்த நாண் உள்ளே ஒட்டிக்கொண்டது. தினமும் பயிற்சி கொடுத்தார்கள். விரல் கம்பு மாதிரி நின்றது. இன்றைக்கும் அப்படித்தான் நிற்கிறது. நான் எழுதுகிற கை அது, சாப்பிடுகிற கை அது. இப்போது ஸ்பூனில் சாப்பிடுகிறேன். ஜாக்கெட் கொக்கி போட என் வீட்டுக்காரரைக் கூப்பிட வேண்டியிருக்கிறது. அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு போட்டுவிடுகிறார்.

மூன்று மாதம் கழித்து வேலைக்குப் போனபோதுதான் நோட்டீஸ் போர்டைப் பார்த்தேன். மஞ்சள் பேப்பர். பணியாளர் ஒருவர் கம்பெனி வழங்கிய கத்தியைப் பயன்படுத்தாமல், சொந்தக் கத்தியை மறைத்து எடுத்துவந்து பயன்படுத்தியதால் காயம் ஏற்பட்டது. ஆகவே சொந்தக் கத்திகள் இனித் திருப்பித் தரப்படமாட்டாது. வெளியே செல்லும் அனைவர் பைகளும் தினமும் சோதிக்கப்படும். கீழே உங்கள் கையெழுத்து.

எனக்கு ஏன் யாரும் வணக்கம் சொல்லவில்லை என்பது அப்போது புரிந்தது. கேன்டீனில் நான் தட்டோடு போய் நின்றேன். பெஞ்சில் இடம் இருந்தது. யாரும் நகரவில்லை.

"உன் முருங்கக்கா கத்தியால எங்க கத்தி போச்சி" என்றாள் ஒருத்தி. என்னோடு பதினோரு வருடம் டீ குடித்தவள்.

"நான் எடுத்துனு வரலடி."

"அப்ப பேப்பர்ல இன்னா பொய்யா போட்டுருக்கும்? நீயே கைநாட்டு வெச்சியாமே."

"டெய்லி அந்த செக்யூரிட்டி பொம்பள பைய கொட்டி நாப்கின் கூட பிரிச்சிப் பாக்குறா. எல்லாம் யாரால?" என்றாள் இன்னொருத்தி.

தட்டை எடுத்துக்கொண்டு கை கழுவும் இடத்தில் நின்று சாப்பிட்டேன். அன்றிலிருந்து அங்கேதான் சாப்பிடுகிறேன்.

சீவுகிற மேசை எனக்கு இல்லை. நூல் கத்தரிக்கிற பெஞ்சில் உட்கார வைத்தீர்கள். அதுவும் இந்த மாதத்தோடு முடிகிறதாம். அடுத்த மாத ஆள் லிஸ்டில் என் பெயர் இல்லை என்று சூப்பர்வைசர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "ரூலை மீறுன கேஸும்மா நீ. நான் இன்னா பண்ண முடியும்?"

அன்று சாயங்காலம் பஸ்ஸில் வரும்போது எனக்குச் செத்துவிடலாம் போல இருந்தது. அதையும் எழுதிவிடுகிறேன். வேலை போவது ஒரு பக்கம். வேறு கம்பெனியில் கேட்டாலும் ஆம்பூரில் ஒருவருக்கொருவர் போன் போட்டு விசாரிப்பார்கள். கத்தியை ஒளித்து வைத்தவள் என்ற பெயரோடு எந்தக் கேட்டுக்குள் போவது?

அந்த வார ஞாயிற்றுக்கிழமை, கோயிலுக்குப் போய் வந்து, ஆணியில் தொங்கிய என் பழைய வேலைப் பையை எடுத்தேன். துவைத்து யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று. விபத்து நடந்த அன்று பக்கத்து மேசைக்காரி அதை வீட்டில் கொண்டுவந்து கொடுத்திருந்தாள். என் வீட்டுக்காரர் டிபன் பாக்ஸை மட்டும் எடுத்துக்கொண்டு மாட்டிவிட்டார். பக்கவாட்டு ஜிப்பைத் திறந்தேன். என் கத்தித் துணி. காய்ந்து பலகை மாதிரி இருந்தது. பிரித்தேன். உள்ளே கத்தி. கூர் ஓரத்தில் கறுப்பாக என் ரத்தம். பிடிக்கு மேலே நம்பர். இருபத்து மூன்று.

பக்கத்து மேசைக்காரி வீடு இரண்டு தெரு தள்ளி. ஓடினேன். கேன்டீனில் எனக்கு இடம் விடாதவர்களில் அவளும் ஒருத்தி. கதவைத் திறந்தவள் துணியைப் பார்த்ததும் வாசற்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"நான்தான்டி... நான்தான் சுத்திப் போட்டேன். உன்ன வண்டில ஏத்தினு வந்து பாத்தேன், கல்லு மேல கத்தி கெடந்துச்சி. டெய்லி பண்ற மாதிரி சுத்திப் பையில போட்டுட்டேன் போல. எனுக்கு நெனப்பே இல்லடி."

"அன்னிக்கி சாயங்காலம் எண்ணுனாங்க இல்ல?"

"எண்ணுனாங்க. ஒண்ணு கம்மி. எல்லாரையும் ஒரு மணி நேரம் நிக்க வெச்சாங்க, பைய மட்டும் யாரும் பாக்கல. அப்புறம் மேனேஜரே வந்து போவச் சொல்ட்டாரு. மறுநாள் எண்ணா நாப்பது இருந்துச்சி. கெடச்சிடுச்சின்னாங்க."

"இருபத்து மூணு இருந்துச்சா?"

அவள் யோசித்தாள். "இருந்துச்சி. அதுல மட்டும் நம்பர் வேற மாதிரி. மத்ததெல்லாம் அடிச்சது, அது கீறுனது."

என் கையில் இருந்த கத்தியின் நம்பரைத் தடவிப் பார்த்தேன், அது அடித்த நம்பர். அப்புறம் அவள், "வெளிய சொன்னா என் வேலயும் போயிடும்டி. கம்பெனி கத்திய வெளிய அனுப்புனேன்னு திருட்டுக் கேஸு போடுவாங்க" என்றாள். நான் துணியைச் சுற்றிக்கொண்டு வந்துவிட்டேன். அவளைக் குறை சொல்ல மாட்டேன்.

மறுநாள் லீவு போட்டுவிட்டு பாயிடம் போனேன். எனக்கு இரண்டு விஷயம் தேவையாக இருந்தது. ஒன்று, இருபத்து மூன்றை அவர் பார்க்க வேண்டும். அவர் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கண்ணாடியில் வைத்துப் பார்த்தார். மட்ட முகமே மட்டமாக இல்லை, நடுவில் வெளிச்சம் கசிந்தது.

"இது ரைட்டு கைக்கே பேஜார் குடுக்கும்மா. சாய்வு ரெண்டா ஒடஞ்சி நிக்குது பாரு. மெஷின்ல உட்டு இழுத்துட்டு, கூரு வரலன்னு கடைசில இன்னொரு தடவ தட்டியிருக்கான். மேல ஒரு சாய்வு, கீழ ஒரு குட்டிச் சாய்வு. இதப் பொரட்டிப் புடிச்சியா நீ?"

"ஆமா பாய்."

"அப்ப இந்தக் குட்டிச் சாய்வு மேல நின்னுக்குனு வழுக்கியிருக்கும். ஒரு நாளு உள்ள உட்டுடும்." அவர் கத்தியைத் துணி மேல் வைத்தார். மறுபடியும் தொடவில்லை.

இரண்டாவது, எனக்கு ஒரு கத்தி வேண்டும் என்று கேட்டேன். என் இடது கை நன்றாகத்தானே இருக்கிறது? கத்தி பிடிக்கிற கைக்கு ஒன்றும் ஆகவில்லையே? அழுத்தமே வேண்டாத மாதிரி, நீட்டுச் சாய்வாக, மெல்லிசாக ஒன்று செய்து கொடுத்தால் மறுபடியும் சீவமாட்டேனா? அவர் ஒரு கத்தியை எடுத்துக் கொடுத்தார், கூடவே ஒரு தோல் துண்டு. சீவினேன். தோல் நகர்ந்தது. இன்னும் மெல்லிசான ஒன்று கொடுத்தார். தோல் நகர்ந்தது. மூன்றாவது ஒன்று, வளைந்த கூர். தோல் சுருண்டுகொண்டு கத்தியோடேயே வந்தது. ஒவ்வொரு தடவையும் வலது கையைப் பலகையில் அழுத்துகிறேன். நான்கு விரல் பிடிக்கிறது. கட்டைவிரல் சும்மா நிற்கிறது. நான்காவது கத்தியை அவர் எடுத்தபோது, இன்னொன்று, இன்னொன்று என்று நான் கெஞ்சினேன். அவர் அதைக் கீழே வைத்துவிட்டார்.

"கத்தில ஒண்ணும் இல்லம்மா. புடிக்கிற கை போயிடுச்சி. இதுக்கு நான் கத்தி பண்ணித் தர முடியாது."

நேராகச் சொன்னார். ஆஸ்பத்திரியில் கூட யாரும் அப்படிச் சொல்லவில்லை. பார்க்கலாம், பார்க்கலாம் என்றுதான் சொன்னார்கள். பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்து இரண்டு பஸ்ஸை விட்டேன்.

ஆகவே இது தெளிவு. இனி நான் சீவப் போவதில்லை. அதை நீங்கள் திருப்பித் தர முடியாது, நான் கேட்கவும் இல்லை. சாம்பிள் செக்‌ஷனில் சீவிய பீஸைப் பார்த்துச் சரியா தப்பா என்று சொல்கிற வேலை இருக்கிறது. அதற்குக் கண்ணும் விரல் நுனியும் போதும். எனக்கு அது தெரியும். ஆனால் கத்தியை ஒளித்து வைத்தவள் என்று பெயர் இருக்கிற வரைக்கும் அந்த வேலையும் கிடையாது, பெஞ்சில் இடமும் கிடையாது.

சார், நீங்கள் எழுதியதையே எடுத்துக்கொள்வோம். நான் இருபத்து மூன்றை ஓரமாக வைத்துவிட்டு, வீட்டிலிருந்து கத்தி கொண்டுவந்தேன் என்கிறீர்கள். எந்தக் கத்தி? என் இடது கைக் கத்தி உங்கள் பீரோவில், என் பெயர் ஒட்டி, இன்றைக்கும் இருக்கிறது. மிச்சம் இருப்பது முருங்கைக்காய்க் கத்தி. அது வலது கைக் கத்தி. வலது கைக் கத்தி எனக்கு ஆகாது என்று உங்கள் எதிரில் சொன்னவள், அதற்குப் பதிலாக இன்னொரு வலது கைக் கத்தியை ஒளித்துக் கொண்டுவருவாளா? கத்திக்கு லெஃப்ட் ரைட் கிடையாது என்று நம்புகிறவரால் மட்டும்தான் அப்படி ஒரு பொய்யை யோசிக்க முடியும். கத்தி பிடித்த யாரும் இப்படிச் சொல்லமாட்டார்கள். இது பொய் என்று கூடவே உட்கார்ந்து சீவிய ஒருத்திக்கும் தோன்றாமல் போனதுதான் எனக்கு ஆச்சரியம். கோபத்தில் இருந்தார்கள். அவர்கள் கத்தியை நீங்கள் பிடுங்கிக்கொண்டு, என்னைக் கைகாட்டிவிட்டீர்கள்.

நேற்று சாயங்காலம் பக்கத்து மேசைக்காரி வீட்டுக்கு வந்தாள். நின்றுகொண்டே பேசினாள்.

"எழுதறியாமே."

"ஆமா."

"நான்தான் பையில போட்டேன்னு எழுது."

"வேலை போயிடும்னு சொன்னியே."

"போவட்டும்டி. உனுக்கு இடம் உடாம உக்காந்து சாப்ட்டேன் இல்ல, அது தொண்டைல நிக்குது. எழுது. என் பேரக் கேட்டா நானே வந்து சொல்றேன்."

எழுதிவிட்டேன். பெயரை எழுதவில்லை. உங்களுக்கு யார் என்று தெரியும்.

திங்கட்கிழமை தோறும் காலை எட்டே முக்காலுக்கு எல்லோரையும் நிற்க வைத்து மைக்கில் பாதுகாப்பு உறுதிமொழி வாசிக்கிறீர்கள். வருகிற திங்கட்கிழமை நானும் வரிசையில் நிற்பேன். இருபத்து மூன்றைத் துணியோடு கேட்டில் செக்யூரிட்டியிடம் கொடுத்து, எழுதி வாங்கிக்கொண்டுதான் உள்ளே வருவேன். உங்கள் பீரோவில் இருக்கிற இன்னொரு இருபத்து மூன்றையும் கொண்டுவரச் சொல்லுங்கள். இரண்டையும் ஒரு கிரானைட் பலகை மேல் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். எது கீறிய நம்பர், எப்போது கீறினீர்கள் என்று சொல்லுங்கள். மஞ்சள் பேப்பரில் எழுதியது உண்மையா என்று சொல்லுங்கள்.

உங்கள் அறைக்குக் கூப்பிட்டு ஆப்பிள் கொடுக்காதீர்கள். அந்த மைக்கிலேயே, அந்த நாற்பது பேர் காதில் விழுகிற மாதிரி எனக்குப் பதில் சொல்லுங்கள் சார். கத்திக்கு லெஃப்ட் ரைட் உண்டா, இல்லையா?